பனையோலைக் கடகம் (பெரிய கூடை) கொடுத்துவிட்டு யோகட் கப்பில் ஒரு செடித்தண்டு வாங்கி வந்தேன், இதுதான் வழக்கமா?

பால்கனி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடி. கடற்பக்கம் பார்த்த சின்னப் பால்கனி, ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும். 2020 ஊரடங்கில் வெளியே போக வழியில்லாமல் கிடந்தபோது அம்மாவிடம் பனையோலை இழைக்கப் பழகினேன். அம்மா யாழ்ப்பாணத்தில் சிறுமியாக இருந்தபோது பழகிய வேலை அது. கொழும்புக்கு வந்த பிறகு முப்பது வருடமாக ஓலை வார்கிற சின்னக் கத்தியை, சத்தகத்தை, தொடவே இல்லை, ஆனால் ஓலையைக் கையில் கொடுத்ததும் விரல் தானாக ஓடியது. இப்போது பெட்டி, குட்டான், சின்னக் கடகம் எல்லாம் நானே இழைப்பேன். கடகத்தின் விளிம்புக்கு நார் போட்டுப் பொத்துகிற வேலை மட்டும் இன்னும் அம்மாவுடையதுதான், நான் பொத்தினால் இரண்டு நாளில் தளர்ந்துவிடுகிறது.

வீட்டில் கூடை குவிந்துவிட்டது. விற்கலாம்தான், ஆனால் தெரிந்தவர்களிடம் விலை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களும் "சும்மா ஒன்று தாவன்" என்றுதான் கேட்பார்கள். இன்னொரு பக்கம் செடிப் பைத்தியம் வேறு பிடித்திருக்கிறது. அதனால் காசே வேண்டாம், கூடைக்குக் கன்று மாற்றிக்கொள்வோம் என்று எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் படத்துடன் போட்டேன். உடனே ஒரு அக்கா பதில் போட்டார், தன்னிடம் நிறையக் கன்றுகள் இருக்கின்றன, பெரிய பூச்சாடி ஒன்றை உள்ளே வைக்கக் கடகம் வேண்டும் என்று.

இருந்ததிலேயே நல்ல கடகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஓலை ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஈர்க்கு எடுத்து, வார்ந்து, இழைத்து முடிக்க எனக்கு மூன்று பின்னேரம், பொத்துவதற்கு அம்மாவுக்கு அரை நாள். அந்த அக்கா அன்பாகத்தான் வரவேற்றார், தேத்தண்ணீர் தந்தார், கடகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் பால்கனிக்குப் போய், கத்தரிக்கோலால் மணிபிளாண்டில் ஒரு தண்டு வெட்டி, யோகட் கப்பில் தண்ணீர் விட்டு அதில் வைத்துத் தந்தார். ஒரே ஒரு இலை. வேர் இல்லை. நானும் சிரித்துக்கொண்டு நன்றி சொல்லி வாங்கி வந்துவிட்டேன். "கடகத்துக்கு என்ன தந்தவ?" என்று அம்மா கேட்டார், கப்பைக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதோடு முடியவில்லை. மூன்று கிழமை கழித்து அதே அக்கா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். கடகத்தின் அடி கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. "வேறொன்று மாற்றித் தர முடியுமா தங்கச்சி?" என்று கீழே எழுதியிருக்கிறார்.

செடி வளர்க்கிற நீங்கள் மாற்றிக்கொள்ளும்போது எதை வைத்து அளக்கிறீர்கள்? "எனக்கு இந்தக் கன்றுதான் வேண்டும்" என்று முதலிலேயே கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பீர்களா? மற்றது, அந்தப் படத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது? திறந்து பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும், இரண்டு நாளாகப் பதில் போடாமல் இருக்கிறேன்.


மொட்டைமாடி_தெகிவளை

தங்கச்சி, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் எல்லாம் வருவதற்கு முன்பே மதிலுக்கு மேலால் கன்று கைமாற்றிய ஆள் நான். அதனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த அக்கா உங்களை ஏமாற்றியதாக எனக்குப் படவில்லை. செடி வளர்க்கிறவர்களுக்கு மணிபிளாண்ட் தண்டு கறிவேப்பிலை மாதிரி, யார் வந்து கேட்டாலும் ஒரு கொப்பு ஒடித்துக் கொடுப்போம். நீங்கள் பண்டமாற்றுக்குப் போயிருக்கிறீர்கள், அவர் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்கிறார். என்ன கன்று வேண்டும் என்று நீங்களும் வாய் திறக்கவில்லை, என்ன தரப் போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. சும்மா நின்று சிரித்திருக்கிறீர்கள், இரண்டு பேரும்.

கேட்பதில் பேராசை ஒன்றும் இல்லை. ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும். வேர் விட்டதா, கணு இருக்கிறதா, மண்ணுக்கு மாற்றி எத்தனை நாள் ஆகிறது, இவ்வளவும் போதும். மணிபிளாண்டுக்கும் மொன்ஸ்டெராவுக்கும் பிலோடென்ட்ரனுக்கும் புதுத் தளிர் வருவது கணுவிலிருந்துதான். உங்கள் கப்பில் இருக்கும் தண்டை எடுத்துப் பாருங்கள், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு தெரிந்தால் அது பிழைத்துவிடும், தண்ணீரில் இரண்டு கிழமையில் வேர் காட்டும். வெறும் இலையும் காம்பும் என்றால் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஒரு அங்குலம் வளராது. இதய வடிவத்தில் ஒற்றை இலையைச் சின்னச் சாடியில் குத்தி விற்கிறார்களே ஹோயா, அதுவும் பெரும்பாலும் இதே கதைதான். வாங்கியவர் வருடக்கணக்காக அந்த இலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

மஞ்சள் விளிம்பு உள்ள ஸ்நேக் பிளாண்டில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இலையை வெட்டித் துண்டு துண்டாக நட்டால் முளைக்கும், ஆனால் புதிதாக வருகிற கன்றுக்கு அந்த மஞ்சள் விளிம்பு இருக்காது, சாதாரணப் பச்சையாகத்தான் வரும். விளிம்போடு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்த கன்றாகக் கேட்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு முறை நல்ல ஓர்கிட் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு சாண் நீள இலைத்துண்டை வாங்கி வந்து வருடம் முழுக்கக் காத்திருந்தேன். அந்தப் பச்சைக் கன்று இன்னும் எங்கள் படிக்கட்டில்தான் நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

வேர் விட்ட கன்றே கிடைத்தாலும் நேரே கொண்டுபோய் மற்றவற்றோடு வைக்காதீர்கள். இரண்டு கிழமை தள்ளி வையுங்கள். இலையின் அடிப்பக்கம், காம்பின் இடுக்கு எல்லாம் பார்த்து, வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதும் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி என்று அர்த்தம். வேப்பெண்ணெயில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துத் தண்ணீரில் கலக்கி அடித்தால் அடங்கும். அந்தூரியம் ஒன்று கூட்டி வந்த பூச்சியால் என் செவ்வரத்தை போய்விட்டது. பதினொரு வருட மரம்.


கணு_மட்டும்_போதும்

நான் கொட்டாஞ்சேனை. மேலே மாமி சொன்னது சரி, ஆனால் எல்லோரும் கடகத்துக்காக அழுகிறீர்கள், செடிக்காரர் பக்கம் ஒருவர் பேச வேண்டாமா?

மூன்று பின்னேரம் இழைத்தேன், அரை நாள் பொத்தினோம் என்று நேரத்தைக் கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் என் மொன்ஸ்டெரா ஓட்டை விழுந்த முதல் இலை காட்ட இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது, அதற்கு நான் எத்தனை கடகம் கேட்பது? நுனியை வெட்டிக் கொடுத்தால் தாய்ச்செடி மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். அப்புறம் கீழ்க்கணுவிலிருந்து தளிர் வந்து, அது சின்ன இலையில் தொடங்கி, மறுபடியும் காத்திருக்க வேண்டும். வெட்டின தண்டு வேர் பிடிக்காமல் அழுகினால் அதுவும் நட்டம். வெட்ட ஒரு நிமிடம்தான் ஆகும், அதனால் அதன் பெறுமதி ஒரு நிமிடம் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் எத்தனை நாள் இழைத்தீர்கள் என்பது எனக்கு வேண்டிய கணக்கே இல்லை, எனக்குத் தேவைப்படாத கூடையை நீங்கள் ஒரு மாதம் இழைத்தாலும் அது என் கடன் ஆகாது. (கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், ஆனாலும் அழிக்க மாட்டேன்.) நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இதைக் கொடுத்தால் எனக்கு மறுபடியும் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்? மணிபிளாண்ட், சிங்கோனியம், ஸ்பைடர் பிளாண்ட் எல்லாம் அடுத்த மாதமே திரும்ப வந்துவிடும், அதைக் கொடுத்துக் கடகம் வாங்க எனக்கே வெட்கமாக இருக்கும். கிழங்கோடு பிரித்த இசட் இசட் (ZZ) செடி, வேர் பிடித்த மொன்ஸ்டெரா, பூத்த ஹோயா என்றால் வேறு கதை. உங்கள் பக்கமும் அப்படித்தானே? குட்டான் ஒன்று போனால் நாளைக்கே இன்னொன்று இழைப்பீர்கள், அம்மா பொத்தின கடகம் போனால் அம்மாவிடம்தான் போக வேண்டும்.

அதனால் "கூடைக்குச் செடி" என்று பொதுவாகப் போடாதீர்கள். கூடையின் படம், வாய் அகலம், உயரம், இதற்கு எனக்கு வேண்டியது இன்ன கன்று, வேர் விட்டது, என்று பெயர் சொல்லிப் போடுங்கள். பிடித்தவர் வருவார், பிடிக்காதவர் வரமாட்டார், தேத்தண்ணீரும் மிச்சம்.


அம்மம்மாவின்_சுளகு

அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பூஞ்சணம் பிடித்தது கடகத்தின் குறை இல்லை, இழைத்தவரின் குறையும் இல்லை. பனை வளர்வது வடக்கிலும் மன்னார், கல்பிட்டிப் பக்கமும் உள்ள வரண்ட நிலத்தில். அந்த வெயிலுக்குப் பழகின ஓலையைக் கொண்டுவந்து தென்மேற்குப் பருவமழைக் கொழும்பில், அதுவும் தினமும் தண்ணீர் ஊற்றுகிற செடிக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும்? ஊரில் அம்மம்மா பெட்டி, நீத்துப்பெட்டி எல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். புகை பட்டுப் பட்டுத் தேன் நிறத்தில் இருக்கும், பூச்சியும் வராது, பூஞ்சணமும் வராது. எங்களுக்கு இங்கே பரணும் இல்லை, புகையும் இல்லை, காஸ் அடுப்புதான்.

கடகம் இரண்டு அடுக்காக இழைப்பது, அடியில் இறங்கின ஈரம் இடையில் மாட்டிக்கொண்டால் காயவே காயாது. ஆகவே மண்ணை நேரே கடகத்தில் போடவே கூடாது. பிளாஸ்டிக் சாடியில் கன்று, சாடிக்குக் கீழே வழிந்த தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டு, அந்த இரண்டையும் சேர்த்துக் கடகத்துக்குள் இறக்க வேண்டும். கடகத்தையும் வெறும் தரையில் வைக்காமல் இரண்டு ஓட்டுத்துண்டு மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும். நான் செய்வது, தண்ணீர் விடுகிற நாளில் சாடியை வெளியே எடுத்து சிங்கில் வைத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைப்பது. பஞ்சி பிடித்த வேலைதான், ஆனால் என் பெட்டி ஒன்று ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. பூஞ்சணம் மேலாகப் பிடித்திருந்தால் வினாகிரியில் தண்ணீர் கலந்து துணியால் துடைத்து வெயிலில் இரண்டு நாள் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும், கறை மட்டும் நிற்கும். ஓலை இற்றுப்போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வார்னிஷ் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது, ஓலையின் வாசமே போய்விடும்.

அப்புறம் அந்தத் தட்டு. கொழும்பில் இருந்துகொண்டு அதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கூடைக்குள் மறைந்திருக்கிற தட்டில் தண்ணீர் நிற்பது யாருக்கும் தெரியாது, டெங்கு நுளம்புக்கு மட்டும் தெரியும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். கிழமைக்கு ஒரு முறை தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் யோகட் கப்புக்கும் இதேதான் தங்கச்சி, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், வாயில் கொஞ்சம் பஞ்சு அடையுங்கள். எங்கள் வீதியில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடிக்குக் கீழேதான்.

அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் அம்மம்மா பெட்டி இழைத்துக் கொடுத்தால் அந்தப் பெட்டி கொள்ளுகிற நெல்தான் கூலியாம். விலை பேசுவதே கிடையாதாம், பெட்டியைக் கொடுப்பார், நிரம்பித் திரும்பி வரும், நெல்லைக் கொட்டிவிட்டுப் பெட்டியை அவர்களிடமே அனுப்பிவிடுவார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். என் கூடைக்குள் அளவாக இறங்குகிற சாடி எதுவோ, அந்தச் சாடியில் வேர் பிடித்து நிற்கிற கன்றுதான் என் கூலி. என்ன இனம், எவ்வளவு அபூர்வம் என்று பார்ப்பதில்லை. சின்னப் பெட்டிக்குச் சின்னச் சாடி, கடகத்துக்குப் பெரிய சாடி.


கணு_மட்டும்_போதும்

அக்கா, அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. நான் பெரிய சாடியில் சிங்கோனியம் வைத்துத் தந்து கடகத்தை வாங்கிவிடுவேனே.


அம்மம்மாவின்_சுளகு

வாங்குங்கள் தம்பி. சிங்கோனியத்தையும் சாடியையும் மண்ணையும் கொட்டாஞ்சேனையிலிருந்து த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.


ஞாயிறு_தியத்த_உயன

பத்தரமுல்லை தியத்த உயனவில் வரிசையாகக் கன்றுக் கடைகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து விலை கேட்டுப் பாருங்கள், எது மலிவு, எதை ஏறெடுத்தும் பார்க்க முடியாது என்று கண்ணுக்குப் பிடிபடும். நான் பன் புல்லில் கூடை இழைப்பவன், பனையோலை இல்லை, ஆனால் கணு தம்பி சொன்ன மாதிரி பெயர் சொல்லிப் போடத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்கான கன்று கிடைத்தது.

இன்னொன்று. யாராவது "காட்டில் இருந்து கொண்டுவந்தது" என்று வெசாக் ஓர்கிட் தந்தால் வாங்காதீர்கள். அது எங்கள் தென்மேற்கு மழைக்காட்டுக்கே உரிய இனம், வேறு நாட்டில் இல்லை, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. எனக்கு ஒருவர் இரண்டு கூடைக்கு அதைத் தருவதாகச் சொன்னார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.


பால்கனி_வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. தண்டை எடுத்துப் பார்த்தேன் மாமி, கணு இருக்கிறது, அதிலிருந்து அரை அங்குலம் வேரும் வந்திருக்கிறது! நான்தான் கோபத்தில் கப்பைத் திரும்பியே பார்க்கவில்லை. தண்ணீரும் மாற்றவில்லை, சுளகு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன், நல்ல வேளை, புழு ஒன்றும் இல்லை.

அந்த அக்காவுக்கு இப்படி எழுதினேன்: "அக்கா, ஓலை ஈரம் தாங்காது, அதை நான் முதலே சொல்லாதது என் பிழை. கடகத்தைக் கொண்டு வாருங்கள், துடைத்து வெயிலில் போட்டு அடி எப்படி என்று அம்மா பார்த்துச் சொல்வார். புதிது வேண்டுமென்றாலும் இழைத்துத் தருகிறேன், ஆனால் அதற்கு உங்கள் மஞ்சள் விளிம்பு ஸ்நேக் பிளாண்டில் கிழங்கோடு ஒரு கன்று பிரித்துத் தர வேண்டும்." அனுப்புவதற்கு முன் கடைசி வரியை நாலு தரம் அழித்து எழுதினேன், அது வேறு விஷயம்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பே வந்துவிட்டது. "அடி பிள்ளை, அந்தத் தண்டு கடகத்துக்கா? அது சும்மா தந்தது. உனக்கு எந்தக் கன்று வேண்டும் என்று நீ சொல்லுவாய் என்று நான் இவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!" என்கிறார். எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டுவிட்டு "ம்" என்றார்.


கணு_மட்டும்_போதும்

அப்படியென்றால் மூன்று கிழமையாக அவரும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? நான் நம்பவில்லை. சரி, உங்களுக்குக் கன்று வந்தால் போதும்.

எனக்கு ஒரு கடகம் வேண்டும். சாயம் போடாதது, அம்மா பொத்தினது. நான் தருவது இலையில் ஓட்டை விழுகிற சின்ன மொன்ஸ்டெரா, அடான்சோனி, மண்ணில் வைத்து நாலு மாதம், ஐந்து இலை, பூச்சி இல்லை, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடிக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தாலும் அப்படித்தான். கடகத்துக்குள் நான் வைக்கப் போவது இசட் இசட், அதற்குத் தண்ணீர் எப்போதாவதுதான், அதனால் பூஞ்சணப் பயமும் குறைவு.


பால்கனி_வெள்ளவத்தை

சம்மதம். பூனை இல்லை, காகம்தான். ஓலை வர ஒரு கிழமை ஆகும், இழைக்க ஒரு கிழமை. உங்கள் சாடியின் வாய் அகலம் எவ்வளவு என்று அம்மா கேட்கிறார், அங்குலத்தில் சொன்னால் அவருக்குப் பிடிபடாது.


கணு_மட்டும்_போதும்

ஒரு சாணும் நாலு விரலும்.


பால்கனி_வெள்ளவத்தை

யாருடைய சாண் என்று கேட்கிறார்.


கணு_மட்டும்_போதும்

என்னுடையது.


பால்கனி_வெள்ளவத்தை

அது சரிவராதாம். சனிக்கிழமை சாடியையே தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம் வாருங்கள், அம்மாவும் வருகிறார்.